வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரைப்பு

நாய் வளர்க்கும் பலர் தம் நாய் குரைப்பதை முழுதாகக் கேட்டதே இல்லை. வீட்டில் ஆள் இருக்கும்போது குரைத்தால் ஓர் அதட்டலில் அடங்கிவிடும். கதவைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போன பிறகு, காலை ஒன்பது மணியிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அது குரைத்துத் தீர்த்தது அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்லவும் மாட்டார். நாலு நாள் பொறுப்பார், நாலு மாதம் பொறுப்பார். பிறகு ஒரு பண்டிகை நாளில் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தால் முகம் கொடுத்துப் பேசாமல் வாங்கி வைப்பார். என்ன கோபம் என்றே நமக்குப் புரியாது.

நாயை ஊமையாக்க வழி சொல்வதற்காக இந்த அத்தியாயத்தை எழுதவில்லை. குரைக்காத நாய் நமக்கு வேண்டவும் வேண்டாம். அது ஏன் குரைக்கிறது என்று கண்டுபிடித்து அந்தக் காரணத்தைத் தீர்க்க வேண்டும். தீரும் வரை பக்கத்து வீட்டாரிடம் நாமாகவே போய்ப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வேலையைச் சிலராவது செய்கிறார்கள். இரண்டாவதை நம் ஊர்களில் யாரும் செய்வதில்லை. சண்டைகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கூடு எங்கே இருக்கிறது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொல்லங்கோட்டில் எந்த வழியில் வேண்டுமானாலும் ஒரு நடை நடந்து பாருங்கள். நாய்க்கூடு பெரும்பாலும் காம்பவுண்டின் கடைசி மூலையில் இருக்கும். இரும்புக் கம்பி அடித்த முகப்பு, மேலே தகரமோ ஓடோ, முன்னால் கவிழ்ந்து கிடக்கும் அலுமினியச் சட்டி. கட்டிப்போட்ட நாய் என்றால் சங்கிலி எட்டும் வரை மண் அரைவட்டமாகத் தேய்ந்து, புல் முளைக்காமல் வழுவழுவென்று கிடக்கும். தம் படுக்கையறையிலிருந்து அதுதான் தூரம் என்பதால் வீட்டுக்காரர் அந்த மூலையைத் தேர்ந்தெடுத்திருப்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளி அடுத்த வீட்டாரின் படுக்கையறை ஜன்னல் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. நம் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு, சத்தத்தை அவர்கள் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

ஆகவே முதல் வேலை, அடுத்த வீட்டு முற்றத்திலோ திண்ணையிலோ போய் உட்கார்ந்து உங்கள் நாயைக் கேட்பது. வீட்டில் ஒருவரை வாசல் கேட்டைத் தட்டச் சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள். கூட்டை உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி, வாய்ப்புறம் உங்கள் வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தாலே பாதிச் சத்தம் உங்கள் பங்குக்கு வந்துவிடும். நியாயமும் அதுதான். கூட்டுக்குப் பின்னால் செங்கல் சுவர் இருந்தால் நல்லது. தகரத் தட்டி சத்தத்தை அடைக்காது.

இந்த ஊரின் அமைப்பும் சத்தத்துக்குத் துணைபோகிறது. தெற்கே நெல்லியாம்பதி மலை, அடிவாரத்திலிருந்து வெட்டவெளியாக வயல்கள், நடுநடுவே வீடுகள். பகலில் நிலம் சூடாகி, சத்தம் மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடும். பொழுது சாய்ந்து நிலம் குளிர்ந்ததும், தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அப்போது சத்தம் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். பகலில் நாலு வீடு தாண்டாத குரைப்பு இரவில் வயலின் அடுத்த கரையில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். அக்ரஹாரத்தில் நிலைமை வேறு. அங்கே வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் துபாயிலும் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர். ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு பத்து மணிக்குக் கண்ணயர்ந்த மாமியை இரண்டு மணிக்கு எழுப்பினால், விடியும் வரை அவருக்குத் தூக்கம் வராது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் இன்னும் நெருக்கம். ஒரு வீட்டு நாய் குரைத்தால் வரிசை முழுக்க விழித்துக்கொள்ளும், விடிந்தால் எல்லாரும் கொழுந்தெடுக்கப் போக வேண்டியவர்கள்.

நடுத்தர அளவு நாயின் குரைப்பு பக்கத்தில் நின்றால் 80, 90 டெசிபலைத் தொடும். 2012-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் சார்லி என்ற கோல்டன் ரிட்ரீவர் 113.1 டெசிபலுக்குக் குரைத்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2000-ஆம் ஆண்டின் மத்திய ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். நாயின் கழுத்தில் யாரும் அளவுகோல் கட்டப் போவதில்லை. ஆனாலும் மனிதன் உறங்க எவ்வளவு அமைதி வேண்டும் என்று சட்டம் நினைக்கிறது என்பதற்கு இந்த எண்கள் கணக்கு.

எந்தக் குரைப்பு?

வீட்டில் கிடக்கும் பழைய செல்போனை எடுங்கள். வெளியே போகும்போது ஒலிப்பதிவை ஓடவிட்டு, நாய்க்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து கேட்டால், எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதைக் கேட்டுத் தொடங்கியது என்ற மூன்றும் தெரிந்துவிடும்.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முடி என்ற அந்நாட்டு மேய்ச்சல் நாயின் குரைப்புகளைப் பதிவுசெய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 2005-இல் வெளியான முடிவு இது: நாய் வளர்க்காதவர்கள்கூட, அந்நியரைக் கண்டு குரைப்பது எது, தனியே விடப்பட்டுக் குரைப்பது எது என்று ஓரளவு சரியாகப் பிரித்துச் சொன்னார்கள். தாழ்ந்த குரலில், இடைவெளியில்லாமல் அடுக்கடுக்காக வந்தால் எச்சரிக்கை அல்லது கோபம். உச்சக் குரலில், விட்டு விட்டு, ஒவ்வொன்றாக வந்தால் தனிமையோ ஏக்கமோ. உங்கள் பதிவையும் இப்படிக் கேளுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

தனிமைக் குரைப்பே மிக அதிகம், அதைப் புரிந்துகொள்பவர்களோ மிகக் குறைவு. நாள் முழுக்கக் கூட்டில் அடைத்து, ராத்திரி மட்டும் அவிழ்த்துவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். காலையில் சோறு போட ஒரு முகம், மாலையில் சோறு போட ஒரு முகம், நடுவே பத்து மணி நேரம் கம்பி. மோப்பம் பிடித்து, ஓடி, கூட்டமாக வாழப் பிறந்த உயிருக்கு இது தண்டனை. அது குரைக்காமல் வேறு என்ன செய்யும்? காலையில் அரை மணி நேரம் வயல் வரப்பில் நடக்கவிட்டு, நின்று நின்று மோப்பம் பிடிக்கவிட்டுக் கூட்டிவாருங்கள். சோற்றைச் சட்டியில் கொட்டி ஒரே நிமிடத்தில் தின்னவிடாமல், கொஞ்சத்தைப் பழைய துண்டில் சுருட்டி முடிச்சிட்டுக் கொடுங்கள். சருகுக் குவியலில் இறைத்து விடுங்கள். தேடித் தின்னும் நாய் அசந்து தூங்கும். வெளியே போகும் நாட்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் கூடாது; மூன்றும் நாய்க்கு நஞ்சு.

கட்டிவைப்பதைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. 1962-இல் சென்னையில் தொடங்கிய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். கலாக்ஷேத்ராவை நிறுவிய அதே ருக்மிணி தேவிதான். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அளவுக்கு மீறிய நேரம் குட்டையான சங்கிலியிலோ கனமான சங்கிலியிலோ பிராணியைக் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வளர்க்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் வதை என்றே சொல்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2006-இல் இன்னும் கறாராகச் சட்டம் போட்டது: ஓரிடத்தில் கட்டிவைப்பது ஒரு நாளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் இப்படி அளந்து பார்த்தால் பாதிக் கூடுகள் காலியாக வேண்டியிருக்கும். காலியாகட்டும் என்பதே என் கருத்து.

பழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று குரைக்கத் தொடங்கும் நாயைக் கவனியுங்கள். வயதான நாய் நடுராத்திரியில் காரணமில்லாமல் குரைத்தால் பார்வை மங்கியிருக்கலாம், காது கேட்காமல் போயிருக்கலாம், மூளை தளர்ந்து இரவு பகல் குழம்பியிருக்கலாம், எங்காவது வலி இருக்கலாம். குரலே மாறி, கரகரத்து, எச்சிலும் ஒழுகினால் அருகே போகாதீர்கள். வெறிநோய்க்கு அதுவும் அறிகுறி. உடனே மிருகாஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். வருடா வருடம் தடுப்பூசி போட்டிருந்தால் இந்தப் பயம் பெரிதாக இருக்காது. ஊசி போட்ட சான்றிதழைக் காட்டிப் பஞ்சாயத்தில் உரிமமும் எடுத்துவிடுங்கள். கேரளத்தில் அது கட்டாயம். 1998-இலிருந்தே விதி இருக்கிறது. நாளை ஏதாவது புகார் எழுந்தால் எல்லாரும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

காவல் என்ற சாக்கு

"குரைக்கத்தானே நாய் வளர்க்கிறோம்?" என்று கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இது மலையடிவாரம். காட்டுப்பன்றி வயலில் இறங்கும். 2024 மே மாதம் கொல்லங்கோட்டில் ஒரு தோட்டத்து முள்கம்பி வேலியில் சிக்கிய சிறுத்தைப்புலி, மயக்க ஊசி போட்டு மீட்ட பிறகு இறந்துபோனது. முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளில் காய்க்கும் காலத்தில் நாய் இல்லாமல் காவல் இல்லை. இடுக்கி எல்லையில் ஏலத்தோட்டக்காரர்கள் தேனி மாவட்டத்துக் கோம்பை நாயை விரும்பி வளர்ப்பதும் காவலுக்காகத்தான்.

ஆனால் காவல் என்பது நாய் ஒன்றால் மட்டும் நடப்பதில்லை. நாய் குரைக்க வேண்டும், கேட்ட மனிதன் எழுந்து விளக்கைப் போட வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத இரவில் எழ வேண்டியவர் அடுத்த வீட்டுக்காரர். பால் வண்டிக்கும் பூனைக்கும் பக்கத்துத் தெரு நாய்க்கும் ராத்திரி முழுக்கக் குரைக்கும் நாய் உண்மையிலேயே திருடனைக் கண்டு குரைத்தால் யார் எழுவார்? தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு திரும்பிப் படுப்பார்கள். காட்டு விலங்கு நடமாடும் இடத்தில் இது நாயின் உயிருக்கும் ஆபத்து. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. கட்டிப்போட்ட நாய் அதனினும் எளிது.

அதனால் இரவில் நாயை உள்ளே எடுங்கள். தனிமைக்கும் தெருநாய்களின் கூட்டுக் குரைப்புக்கும் சிறுத்தைக்கும் சேர்த்து இந்த ஒன்றே தீர்வு. படுக்கையறை வரை விட மனமில்லாதவர்கள் பலர், அவர்களை வற்புறுத்த மாட்டேன். இந்தப் பக்கத்து வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் கம்பி அடித்த வொர்க் ஏரியா இருக்கும். இல்லாவிட்டால் கிரில் போட்ட சிட்டவுட் இருக்கும். தெருப்பக்கக் கம்பியில் பழைய பெட்ஷீட்டைக் கட்டிப் பார்வையை மறைத்து, ஒரு சாக்கை விரித்து, தண்ணீர் வைத்தால் போதும். வெளியே ஆள் வந்தால் அங்கிருந்தும் அது சொல்லும். கிணற்றடியில் இலை விழுந்ததற்கெல்லாம் சொல்லாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு இனங்கள் உள்ளே அடங்காது என்று சொல்வார்கள். குட்டியிலிருந்து பழக்கினால் அடங்கும்.

பகல் குரைப்புக்குப் பெரும்பாலும் பார்வைதான் காரணம். 2023-இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா பகிர்ந்த அழகிய கிராமங்களின் பட்டியலில் கொல்லங்கோடு இடம்பெற்ற பிறகு, சனி ஞாயிறுகளில் வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். வயலோரம் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், வேலியருகே வந்து எட்டிப் பார்க்கிறார்கள். வழியோரத்து வீட்டு நாய்க்கு ஒவ்வொரு முகமும் புது முகம். குரைக்கிறது, அவர்கள் போய்விடுகிறார்கள். தான் குரைத்ததால்தான் போனார்கள் என்று அது நம்பிக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் ஓங்கிக் குரைக்கும். கேட்டின் கீழ்ப்பாதியில் தகடு அடியுங்கள், வேலியில் செம்பருத்தியோ மூங்கில் தட்டியோ வையுங்கள். நாய்க்குத் தெரு தெரியாவிட்டால் பாதிக் குரைப்பு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை பகலில் பின்கட்டில் வைத்துக்கொள்வது அதைவிடச் சுலபம்.

மாதந்தோறும் பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களையும், ஆஷா பணியாளரையும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரையும் மறக்காதீர்கள். அவர்கள் வரும் நாள் தெரிந்தால் அன்று நாயைக் கட்டுங்கள். தெரியாவிட்டால் கேட்டில் மணி ஒன்று வையுங்கள். கம்பியைத் தட்டிக் கூப்பிடும் சத்தம்தான் நாயை முதலில் கிளப்பும்.

போய்ப் பேசுவது

பொதுவாக நாம் புகார் வந்த பிறகு பேசுகிறோம். அப்போது பேச்சு எப்போதும் தற்காப்பாகவே இருக்கும். முன்னாலேயே போங்கள். தோட்டத்துக் காய் நாலைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "சேச்சி, நம்ம நாய் ராத்திரில ரொம்பக் கத்துதா? தூக்கம் கெடுதா?" என்று கேளுங்கள். தமிழ் வீடென்றால், "ஏனுங்க அக்கா" என்று ஆரம்பியுங்கள். முதல் பதில் எந்த மொழியிலும் ஒன்றாகத்தான் வரும்: "ஏய், அதெல்லாம் ஒண்ணுமில்லை." அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். அது மரியாதை. "இல்ல, பகல்ல நாங்க யாரும் இருக்கறதில்ல, எங்களுக்குத் தெரியறதில்ல. எந்த நேரத்துல கத்துதுன்னு சொன்னா நல்லது" என்று கேளுங்கள். உதவி கேட்கும் தொனியில் கேட்டால்தான் உண்மை வரும். "மத்தியானம் பையன் கத்தார்லேந்து கூப்பிடற நேரத்துல மட்டும் கொஞ்சம்…" என்று இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் நீங்கள் தேடி வந்த பதில் இருக்கிறது.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் அப்போது தெரியும். பிரசவத்துக்கு வந்த மகள், மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகும் பிள்ளை, இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் நர்ஸ். ஒவ்வொருவருக்கும் அமைதி வேண்டிய நேரம் வேறு. பரீட்சை மாதத்தில் மாலை நடையை ஐந்திலிருந்து ஏழுக்கு மாற்றினால் அந்தப் பிள்ளைக்குப் படிக்கும் நேரத்தில் அமைதி கிடைக்கும். உங்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நாயைக் கூட்டிப்போய் அறிமுகமும் செய்யுங்கள். வேலிக்கு அப்பாலிருந்து அவர் கையால் ஒரு பிஸ்கட் போடட்டும். சில நாள் இது நடந்தால் அவர் கொல்லைப்பக்கம் துணி உலர்த்த வரும்போதெல்லாம் குரைக்கும் நாய், வாலாட்டிக்கொண்டு வேலியருகே போய் நிற்கும். நாய்க்குப் பயப்படுகிறவரை மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

குரைப்பை நிறுத்தப் பழக்கும்போதும் அண்டை வீட்டாரின் தயவு வேண்டும். பழக்கும் முறை எளிது. இரண்டு மூன்று முறை குரைக்கட்டும். அமைதியான குரலில் "போதும்" என்று சொல்லி, மூக்கருகே தின்பண்டத்தைக் காட்டுங்கள். மோப்பம் பிடிக்க வாயை மூடும். மூடியதும் கொடுங்கள். பிறகு ஐந்து எண்ணும் வரை, பத்து எண்ணும் வரை, அரை நிமிடம் வரை என்று நீட்டிக்கொண்டே போங்கள். நம் வீடுகளில் இது தோற்பதற்குக் காரணம், பாட்டி "சும்மா இரு" என்பார், பையன் "ஸ்டாப்" என்பான், வேலைக்கு வரும் சேச்சி "மதி" என்பார். வீட்டார் எல்லாரும் ஒரே சொல்லில் நில்லுங்கள். கத்தி அதட்டாதீர்கள், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே நாய் எடுத்துக்கொள்ளும்.

சோறு வேண்டும், வெளியே விடு என்று கேட்டுக் குரைக்கும் நாய்க்கு வேறு முறை: குரைக்கும்போது திரும்பியே பார்க்கக் கூடாது, நிறுத்தியதும் கவனிக்க வேண்டும். இதில் முதல் சில நாள் குரைப்பு குறையாது, கூடும். இதுவரை பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று அது இன்னும் ஓங்கி முயலும். அந்த நாட்களில் பாதிப் பேர் பணிந்துவிடுகிறார்கள். நாய், இன்னும் ஓங்கிக் குரைத்தால் பலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. ஆகவே தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டாரிடம், "ஒரு வாரம் கொஞ்சம் கூடுதலா கத்தும், பழக்கிட்டிருக்கோம், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். காரணமும் முடிவு நாளும் தெரிந்த சத்தத்தை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப்பட்டை இணையத்தில் கிடைக்கிறது. வாங்காதீர்கள். வேல்ஸ் நாடு 2010-லேயே அதைத் தடைசெய்துவிட்டது. பயத்தில் குரைக்கும் நாய்க்கு வலியும் சேர்ந்தால் அடுத்தது கடிதான். குரல்நாணை அறுத்துக் குரலை அடக்கும் அறுவை சிகிச்சையை 1987-இன் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை விலக்கி வைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வேல, விஷு, தீபாவளி

மலையாள மாதம் மீனம் 20, ஏப்ரல் முதல் வாரத்தில், பக்கத்தில் நெம்மாறை வல்லங்கி வேல என்ற கோயில் திருவிழா. இரண்டு ஊர்களும் போட்டி போட்டு நடத்தும் வாணவேடிக்கை. அடுத்த இரண்டு வாரத்துக்குள் விஷு, வீட்டுக்கு வீடு பட்டாசு. ஐப்பசியில் தீபாவளி. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் எல்லை. நாய் ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்குத் திருவிழாவாக இருப்பது அதற்கு வானம் இடிந்து விழும் பயம். பயந்த நாய் மணிக்கணக்காக ஊளையிடும், சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும், கிணற்றில் விழும்.

அன்று பொழுது சாய்வதற்குள் நன்றாக நடக்கவிட்டுச் சோறு போட்டுவிடுங்கள். வீட்டின் நடு அறையில், ஜன்னல்களை அடைத்து, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு, ஒருவர் கூடவே இருங்கள். தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று சொல்வதில் உண்மையில்லை, தாராளமாகத் தடவுங்கள். மிகவும் பயப்படும் நாய்க்கு முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள். மனிதர்களின் தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். குடும்பத்தோடு எல்லாரும் வேல பார்க்கப் போய்விட்டு நாயைக் கூட்டில் பூட்டி வைப்பது, நாய்க்கும் ஊரில் தங்கிவிட்ட வயதானவர்களுக்கும் செய்யும் கொடுமை.

புகார் வந்துவிட்டால்

முதலில் கேளுங்கள். "உங்க கோழி கத்தலையா, உங்க பையன் பைக் சத்தம் போடலையா" என்று பதிலுக்குப் பட்டியல் போடாதீர்கள். எந்த நாள், எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு, "ரெண்டு வாரம் குடுங்க, செய்யறதைச் செய்யறேன்" என்று சொல்லுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் நீங்களே போய், "இப்ப எப்படி?" என்று கேளுங்கள். நேரில் பேசும் முன் அயல்கூட்டம் என்னும் அக்கம்பக்கத்துக் குழுவிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இதை எடுக்கக் கூடாது. இது இரு தரப்புக்கும் பொருந்தும். பத்துப் பேர் முன்னால் வந்துவிட்ட பேச்சில் யாரும் இறங்கிவரமாட்டார்கள்.

சட்டத்தில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. வளர்ப்புப் பிராணியே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் விதி போட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்த உரிமை அக்கம்பக்கத்தாரின் உரிமைக்கு உட்பட்டது என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. குரைப்பைக் காரணம் காட்டி நாயைத் தடைசெய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. முக்கியமாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க எல்லா முயற்சியும் எடுங்கள் என்று வளர்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்வதும் அதே நெறிமுறைகள்தான். பொதுத் தொல்லை என்று பலர் சேர்ந்து முறையிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. வரை விஷயம் போகலாம். பொறுமை இழந்து நாய்க்கு விஷம் வைப்பவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் குருணை மருந்து கலந்த கறியைத் தின்று செத்த நாய்க்கு எந்தப் பிரிவாலும் உயிர் வராது. அந்த நிலை வரும் வரை விஷயத்தை வளரவிட்டதில் நாய் வளர்ப்பவருக்கும் பங்கு இருக்கும். அவர் ஒரு முறை போய்க் கேட்டிருந்தால் பல வீடுகளில் அது அங்கேயே முடிந்திருக்கும்.

ஊருக்குப் போகும்போது உங்கள் கைப்பேசி எண்ணைப் பக்கத்து வீட்டார் மூன்று பேரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். சோறு போட வருபவரின் எண்ணையும் கொடுங்கள். நாய் ரொம்பக் குரைத்தால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த அழைப்பு ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் எடுங்கள்.